வெள்ளோட்டத்தின் வயிறு

திங்கட்கிழமை, மதிய இடைவேளை

அன்புள்ள குருவிக்கு,

உன் கன்சோல் அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் குட்டியும் அந்தப் புது ஊரில் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நானும் ஸ்கேன் மெஷினும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேரில் அதற்கு மட்டும்தான் ஒழுங்காக சர்வீஸ் நடக்கிறது.

போன் கையில் இருக்கும்போது இதென்ன பழைய வழக்கம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், எனக்குத் தெரியாதா? இது ஆஸ்பத்திரிக்குள் நின்று போனில் பேசக்கூடிய விஷயமும் இல்லை. உட்கார்ந்து முழுவதும் படி. நம் நாலு பேரில் ஒருத்தியின் இரைப்பையில் ஏதோ இருக்கிறது. அது யாருடைய இரைப்பை என்று தெரியவில்லை.

புது மெஷின் வந்த மாதத்தை நினைத்துப் பார். உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே, உன் வீட்டுக்காரரும் இதைப் படிக்க வேண்டியிருக்கலாம். சொல்லிக்கொடுக்க வந்தவர் இரண்டே நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரைப்பைப் புற்றுநோய்க்காரர்களுக்கு இனிமேல் தண்ணீர் முறையில்தான் படம் எடுக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். காலி இரைப்பை மடித்துப் போட்ட துணிப்பை மாதிரி. சுவர் எங்கே, சுருக்கம் எங்கே என்று தெரியாது. நல்ல சுவரே தடித்த மாதிரி ஏமாற்றும், நிஜமான கட்டி சுருக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்க வைத்து உடனே படுக்கப்போட்டால் பை விரியும். அப்போதுதான் சுவரை அளக்கலாம், கட்டி சுவரைத் தாண்டியிருக்கிறதா, பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

பழகுவதற்கு ஒரு பொம்மையைக் கொடுத்தார்கள். பொம்மை தண்ணீர் குடிக்குமா? அதனால் நாமே படுத்தோம். நாலு வியாழக்கிழமை, மதிய நேரம், கதவைத் தாழ் போட்டுவிட்டு, வாரத்துக்கு ஒருத்தி. நீ, நான், நர்ஸ் அக்கா, ஆயாம்மா. டாக்டர் சீட்டு இல்லாமல் யாரும் மெஷினில் படுக்கக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்த தாளுக்குக் கீழேதான் தண்ணீர் ஜக்கை வைத்திருந்தோம். பெயர் கொடுக்காவிட்டால் மெஷின் நகராது என்பதால் நீதான் மெஷினை இயக்கும் கன்சோலில் தட்டினாய்: வெள்ளோட்டம். பெண். வயது நாற்பது. போன் நம்பர் கேட்டபோது நம் அறையின் நம்பரையே போட்டாய். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அழித்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம், மறந்துவிட்டோம். மெஷின் மறக்கவில்லை. நாலு படத்தையும் ஒரே ஆளின் கணக்கில் கணினிச் சேமிப்புக்கு அனுப்பி வைத்துவிட்டது.

வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு நம் படங்களைப் படித்துச் சொல்வாரே, நாம் முகமே பார்க்காத அந்தத் தூரத்து டாக்டர், அவரிடம் இந்த வருடத்துத் தண்ணீர் முறைப் படங்களையெல்லாம் மறுபடி அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷனில் கண்டதும் படத்தில் அளந்ததும் ஒத்துப்போகிறதா என்று தெரிய வேண்டுமாம். போன வாரம் வெள்ளோட்டத்தின் ரிப்போர்ட் வந்தது. 

முதல் வாரம் இரைப்பை இயல்பு என்று எழுதியிருக்கிறார். இரண்டாவது வாரம் இடது விலா எலும்பு ஒன்று என்றோ முறிந்து கூடிய முடிச்சு தெரிகிறதாம், முதல் வாரம் அந்த விலா வழவழவென்று இருந்ததாம். மூன்றாவது வாரம் விலா மறுபடி வழவழப்பாகிவிட்டது, ஆனால் இரைப்பையின் கீழ்ப்பகுதிச் சுவர் ஓரிடத்தில் மட்டும் பதினோரு மில்லிமீட்டர் தடித்திருக்கிறது, அருகில் இரண்டு சிறிய நெறிக்கட்டிகள். நான்காவது வாரம் தடிப்பைக் காணோம். பித்தப்பையையும் காணோம். கீழே அவர் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன்: “இது ஒரே ஆள்தானா என்று சரிபார்க்கவும். ஒரே ஆள் என்றால் எனக்கு இந்த உடம்பு புரியவில்லை. நான்கு ஆட்கள் என்றால் மூன்றாவது ஆள் எங்கே? அவருக்கு உடனே எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும்.”

அதற்குப் பிறகுதான் வேடிக்கை ஆரம்பித்தது, வேடிக்கை என்று சொன்னால். ரிப்போர்ட்டில் ‘உடனே’ என்று இருந்தால் வரவேற்பு மேஜையில் இருப்பவள் நோயாளியைக் கூப்பிட்டாக வேண்டும். நம் அறைப் போன் அடித்தது. ஆயாம்மா எடுத்தாள். வெள்ளோட்டம் இருக்காங்களா என்று அந்தப் பக்கம் கேட்டதும் இவள் பதறிவிட்டாள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்: “அவ வெளிய போயிருக்கா, வந்துருவா.” அவ்வளவுதான், மறுநாளைக்கு டோக்கன் போட்டுவிட்டார்கள். மறுநாள் காத்திருக்கும் கூடத்தில் பலகையில் அந்தப் பெயர் சிவப்பில் ஓடியது. ஒலிபெருக்கியில் மூன்று முறை கூப்பிட்டார்கள். வெள்ளோட்டம், மூன்றாம் எண் அறை. கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரு நோயாளியின் ஃபைலை வாங்குவதற்காக அங்கே உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது, நான் எழுந்திருக்கவில்லை குருவி, என் உடம்பு தானாகப் பாதி எழுந்துவிட்டது. சட்டென்று உட்கார்ந்துவிட்டேன். ஆனால் சாயங்காலம் கணினியில் பார்த்தால் ‘வந்தார், காத்திருக்கவில்லை’ என்று பதிந்திருக்கிறது. வரவேற்பு மேஜைப் பெண்ணைக் கேட்டேன். “யாரோ ஒரு லேடி எந்திரிச்சாங்க மேடம், அப்புறம் திரும்பிப் பாத்தா காணோம்” என்றாள்.

மெஷினுக்குள் இன்னும் உன் குரல்தான் இருக்கிறது. மூச்ச இழுங்க, அப்படியே பிடிச்சுக்கோங்க, இப்ப விடுங்க. வேறு குரல் பதிவுசெய்யச் சொன்னார்கள், எனக்கு மனசு வரவில்லை. நீ போய் ஐந்து மாதமாகியும் தினம் முப்பது பேர் உன்னிடம் கேட்டுத்தான் மூச்சு விடுகிறார்கள்.

மூன்றாவது வியாழக்கிழமை படுத்தது யார்? எனக்கு நினைவில்லை. நர்ஸ் அக்காவுக்கும் ஆயாம்மாவுக்கும் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. உனக்குத்தான் ஞாபகசக்தி அதிகம். யோசித்து உடனே எழுது. குட்டிக்கு ஒரு முத்தம்.

உன்,
கன்சோல் அக்கா


புதன்கிழமை

அன்புள்ள குருவிக்கு,

நான் இரண்டு தாள் நிறைய எழுதிக் கூரியரில் அனுப்பினால் நீ போனில் ஒரே வரி அனுப்புகிறாய். “அது நான் இல்லக்கா, நான் தண்ணியே குடிக்கல, ஜன்னல்ல இருந்த தொட்டிச் செடிக்கு ஊத்திட்டேன்.” கூடவே நாலு சிரிக்கும் முகம். அதைப் படித்ததும் அப்பாடா என்று இருந்தது. அரை மணி நேரம்தான் இருந்தது அந்த அப்பாடா.

நர்ஸ் அக்காவையும் ஆயாம்மாவையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். நர்ஸ் அக்கா இடுப்புப் பக்கம் சேலையை விலக்கி, பித்தப்பை எடுத்த தழும்பைக் காட்டினாள். ஆகவே நான்காவது வாரம் அவள். ஆயாம்மா ஏணியிலிருந்து விழுந்து விலா முறிந்தது ஆஸ்பத்திரிக்கே தெரிந்த கதை. இரண்டாவது வாரம் அவள். இரண்டு பேருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. பிறகுதான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மீதி இருப்பது நீயும் நானும். ஒன்றாவது வாரமும் மூன்றாவது வாரமும்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு இரைப்பையும் தண்ணீர் தளும்பத் தளும்ப விரிந்திருக்கிறது. எந்தச் செடியும் அன்றைக்குக் குடிக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று இப்போது கேட்கவில்லை. உனக்கும் பயம் இருக்கும்.

இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்களின் வயிற்றுக்குள் பார்த்துப் பிழைக்கிறேன். என் வயிற்றை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உன்னைப் போல நானும் ஒல்லி, கல் இல்லை, தழும்பு இல்லை, முதுகெலும்பில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. கல்லீரலின் ஓரத்தைப் பார்த்தேன், மண்ணீரலின் வளைவைப் பார்த்தேன். படத்தை அடுக்கு அடுக்காக நகர்த்தி மேலே போனேன், கீழே வந்தேன். இதில் எது நான்? அந்தத் தடித்த இடம் சட்டை ஓரத்தை மடித்துத் தைத்த மாதிரி இருக்கிறது. அவ்வளவு சிறியது. அன்றைக்கு நாம் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறோம். தண்ணீர் நிரம்பியிருக்கிறதா, படம் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். நல்லா வந்திருக்கு என்று நாலு வாரமும் நான் கைதட்டினேன். கட்டியோடு இருந்த படத்துக்கும் கைதட்டியிருக்கிறேன்.

வெள்ளோட்டத்துக்கு இரண்டாவது டோக்கனும் போட்டுவிட்டார்கள். அவள் வரவில்லையே என்று ஆயாம்மாவிடம் கசப்பாகச் சிரித்தேன். அவள் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “நம்ம நாலு பேரையும் வெட்டி ஒட்டி ஒருத்திய விட்டுட்டோம்மா. அவ இங்கதான் எங்கயோ சுத்திட்டிருக்கா.” பட்டப்பகலில், குழல் விளக்கு முழுக்க எரிகிற அறையில் கேட்டேன். இருந்தும் அன்றிலிருந்து மெஷினின் வளையத்துக்குள் ஆள் இல்லாத நேரத்தில் பார்க்கவே என்னவோ போல் இருக்கிறது.

நாலு நாளாகச் சாப்பிட்டு முடித்ததும் கை தானாக மேல்வயிற்றுக்குப் போகிறது. அங்கே ஏதோ இருப்பதாகவே தோன்றுகிறது. ஒரு சமயம் வலிக்கிறது, ஒரு சமயம் நான் வலிக்கச் சொல்லித்தான் வலிக்கிறதோ என்று இருக்கிறது. எங்க வீட்டுக்காரரிடம் நெஞ்செரிச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை எண்டோஸ்கோப்பி. ஒரு குழாய், முனையில் ஒரு கேமரா, பத்து நிமிட வேலை. ஆயிரம் பேருக்கு ஒண்ணும் பயமில்லைங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, குருவி. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

நீ இந்த வாரமே அங்கே யாரிடமாவது காட்டிவிடு. எனக்கு முடிவு வரும்வரை காத்திருக்காதே. இது இல்லை என்றால் அது என்று விட்டுவிடக்கூடிய காரியமா இது? போன் பண்ணினேன், கட் பண்ணிவிட்டாய். வேலையாக இருந்திருப்பாய்.

உன்,
கன்சோல் அக்கா


செவ்வாய்க்கிழமை

அன்புள்ள குருவிக்கு,

இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரர் பெயருக்கு அனுப்புகிறேன். அவர்தான் முதலில் பிரிப்பார் என்று தெரிந்தேதான் அனுப்புகிறேன். தம்பி, நீங்கள் படித்துவிட்டு இதை அவள் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு வெளியே போய்விடாதீர்கள், பக்கத்திலேயே உட்காருங்கள்.

என் வயிற்றில் ஒன்றும் இல்லை. திரையில் நானே பார்த்தேன், மேலிருந்து கீழ்வரை சுத்தமாக இருந்தது. குழாயை உருவியதும் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அந்த டாக்டரம்மா தோளைத் தட்டிக்கொடுத்தாள். நான் எதற்கு அழுதேன் தெரியுமா? எனக்கு இருக்கக் கூடாது, எனக்கு இருக்கக் கூடாது என்று மூன்று நாளாக வேண்டிக்கொண்டிருந்தேன். மீதி இருந்தது நீ ஒருத்திதான். அப்படியென்றால் நான் வேண்டிக்கொண்டது என்ன? அது அந்தப் பச்சைத் துணி விரித்த கட்டிலில் கிடக்கும்போதுதான் உறைத்தது. என்னை மன்னித்துக்கொள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

அங்கிருந்து நேராகப் பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார். விசாரணை முடியும்வரை எனக்கு ஸ்கேன் அறை இல்லை, பழைய கோப்புகள் இருக்கும் அறையில் மேஜை போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நர்ஸ் அக்காவும் ஆயாம்மாவும் தாங்களும் படுத்ததாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

கன்சோலை விட்டு எழுந்திருக்கும் முன் ஒரு வேலை மட்டும் செய்ய அனுமதி வாங்கினேன். வெள்ளோட்டத்தை அழித்துவிட்டு, நாலு படத்துக்கும் நாலு பேருடைய நிஜப் பெயரைப் போடுவது. முதல் படத்தில் என் பெயர். இரண்டாவதில் ஆயாம்மா. நாலாவதில் நர்ஸ் அக்கா. மூன்றாவதற்கு வந்து உன் முழுப் பெயரைத் தட்டினேன். பெயரை மாற்றும்போது அந்தப் படத்தை இதுவரை யார் யார் திறந்தார்கள் என்று ஒரு பட்டியல் வரும், உனக்குத் தெரியும். மற்ற மூன்று படங்களையும் தூரத்து டாக்டரையும் என்னையும் தவிர யாரும் திறக்கவில்லை.

மூன்றாவது படம் நாங்கள் இருவரும் திறப்பதற்கு முன்பே ஒன்பது முறை திறக்கப்பட்டிருக்கிறது. ஒன்பது முறையும் உன் கடவுச்சொல்லில். முதல் முறை அந்த வியாழக்கிழமைக்கு மறுநாள் காலை, நான் வருவதற்கு முன்னால். ஒன்பதாவது முறை, நாங்கள் உனக்கு மாலை போட்டு வழியனுப்பிய அன்று மதியம். பதினேழு நிமிடம் பார்த்திருக்கிறாய்.

பட்டியலைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெரியவர் படுத்திருந்தார், உன் இடத்துக்கு வந்த புதுப் பெண் பொத்தானை அழுத்தினாள், உன் குரல் அவரை மூச்சைப் பிடிக்கச் சொன்னது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஆக, உனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். உனக்குக் குருவி என்று பெயர் வைத்தது நான்தான், நாலு வாய் சாப்பிட்டதும் டப்பாவை மூடிவிடுவாய் என்பதற்காக. அதுவும் நீ இங்கே இருந்த கடைசி ஒரு வருடமாகத்தான். வயிற்றுக்காரர்கள் வந்தால் கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறதா, எடை குறைந்திருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுப் படிவத்தில் குறிப்பேன். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட உன்னை ஒரு நாளும் கேட்டதில்லை. சுடிதாரைப் பிடித்துத் தைத்துக்கொண்டு வந்தாய், நான் என்னவோ அழகாக இருக்கிறாய் என்றேன். எனக்கு என் மேல் வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. உன் மேலும் கோபம் வருகிறது. பாவி, என்னிடம் சொல்வதற்கென்ன? குட்டிக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தாயா? பெயரில்லாத வயிற்றில் இருக்கும்வரை அது யாருக்கும் இல்லை என்று நினைத்தாயா? எனக்குப் புரிகிறது. அந்தக் கூடத்தில் பாதி எழுந்தவள் நான். ஓடிவிடலாம் என்று எனக்கும்தான் தோன்றியது.

தூரத்து டாக்டரிடம் பேசினேன். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவர் குரலைக் கேட்டேன். நான் நினைத்ததை விடச் சின்ன வயசுக் குரல். வெள்ளோட்டம் கிடைச்சுட்டாங்களா என்றுதான் முதலில் கேட்டார், தூக்கமே வரலைங்க என்றார். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். படத்தை மட்டும் வைத்து இது புற்றுநோய் என்று அவர் சொல்ல மாட்டார். நரம்பில் மருந்து ஏற்றாமல் எடுத்ததால் முழுத் தெளிவும் இல்லை. ஆறாத புண்ணாக இருக்கலாம், வெறும் வீக்கமாகவும் இருக்கலாம். உள்ளே பார்த்து ஒரு கிள்ளு சதை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். ஒருவேளை அதுவாகவே இருந்தாலும், அந்தப் படத்தில் அது சுவரைத் தாண்டின மாதிரி தெரியவில்லை, கல்லீரல் சுத்தமாக இருக்கிறது. அந்த நிலையில் பிடித்தால் வெட்டி எடுத்துக் குணமாக்க நல்ல வாய்ப்பு உண்டு.  “ஆனா அந்தப் படத்துக்கு ஏழு மாசம் வயசாகுதும்மா. இன்னிக்கு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. அதச் சொல்லுங்க” என்றார்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒன்பது முறை நீ பார்த்தது பழைய வயிற்றை. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் அது அப்படியே நிற்கும் என்று உன் மனசு உன்னை ஏமாற்றியிருக்கிறது. இத்துடன் உன் பெயரில் ரிப்போர்ட்டும், படம் பதிந்த சி.டி.யும், அங்கே உள்ள டாக்டருக்கு அவர் எழுதிய கடிதமும் வைத்திருக்கிறேன். தம்பி, நாளைக்கே கூட்டிப் போங்கள். மாட்டேன் என்பாள், சிரிப்பாள், குட்டிக்குப் பரீட்சை என்பாள். எதையும் கேட்காதீர்கள். குட்டியை யார் பார்த்துக்கொள்வது என்றால் நான் வருகிறேன். இப்போது எனக்கு விடுப்பு சுலபமாகக் கிடைக்கும்.

குருவி, நீ யாருக்கும் தெரியாமல் பொத்தி வைத்திருந்ததை உன் வீட்டுக்காரர் கையில் பிரித்துக் கொடுத்துவிட்டேன். நீ என்னை மன்னிக்க மாட்டாய். வேண்டாம், மன்னிக்காதே. போய்ப் படு, குழாயை விழுங்கு, என்ன வெட்டச் சொல்கிறார்களோ வெட்டிக்கொள். பிறகு போன் பண்ணி என்னை வாய்க்கு வந்தபடி திட்டு. அடுத்த வருடமும் திட்டு. குட்டி கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாமல் விடு. நூறு வயது வரை இருந்து என் பேச்சையே எடுக்காதே.

அந்த நூறு வயதை உனக்குக் கொடுக்கச் சொல்லி, இந்த முறை உன் பெயரைச் சொல்லியே வேண்டிக்கொள்ளும்,

உன் அக்கா